கான்டசாவுக்கு வேறு இன்ஜின் போடலாமா, உள்ளதையே தேற்றலாமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிற ஆள் நான், இன்று கேட்டே ஆக வேண்டிய நிலைமை. என்னிடம் 1993 கான்டசா கிளாசிக் ஒன்று இருக்கிறது. 1.8 இசுசு பெட்ரோல், ஐந்து கியர். பெரியப்பா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு நாலு வருஷம் ஆனையூர் வீட்டு ஷெட்டில் கோழி அடைகிற இடமாகக் கிடந்ததை நான் எடுத்து பெயின்ட், சீட், டயர் எல்லாம் முடித்துவிட்டேன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் அந்த பானெட் நீளமும், பின்சக்கரம் தள்ளுகிற ஓட்டமும், எட்டாவது படிக்கும்போது தெருவில் நின்று பார்த்ததும் சேர்ந்து எனக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

பிரச்சினை இன்ஜின். போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு வரை ராஜா மாதிரி வந்தது. மலை ஏற ஆரம்பித்து டம்டம் பாறை தாண்டியதும் இரண்டாவது கியரை விட்டு எழுந்திருக்கவே இல்லை, பின்னால் வந்த அரசு பஸ் ஹாரன் அடித்து முந்திப் போனது, அதை என் மகன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான். சூடு முள் சிவப்புக்குப் பக்கத்தில். ஐடிலில் லேசாக மிஸ்ஸிங் உண்டு. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். ஒருவர் இன்னோவா பெட்ரோல் இன்ஜினை கியர்பாக்ஸோடு இறக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் டொயோட்டா 1ஜேஇசட் டர்போ, கேரளாவில் போட்டிருக்கிறார்கள், 280 குதிரை, ஊரே திரும்பிப் பார்க்கும் என்று போனில் வீடியோ எல்லாம் காட்டினார். மூன்றாமவர் இருக்கிற இசுசுவையே போரிங் ஏற்றி, டபுள் கார்பரேட்டர் போட்டுப் பிழியலாம் என்கிறார். கையில் இருப்பது மூன்றரை லட்சம். வீட்டில் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போகலாம்?

லேத்துப்பட்டறை:

தம்பி, மூன்று பேரும் சொன்னதை எழுதினீர்கள். மூன்று பேரில் ஒருத்தராவது கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிற மீட்டர், வைத்துப் பார்த்தார்களா? அதை எழுதவில்லை. அப்படியென்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் பழங்காநத்தம் பக்கம் முப்பது வருஷமாக ஹெட் பேசிங், போரிங், கிராங்க் கிரைண்டிங் செய்கிறவன். என்னிடம் "இழுவை இல்லை, இன்ஜினை மாற்றப் போகிறேன்" என்று வருகிற பத்து வண்டியில் பாதிக்கு மேல் இழுவை செத்தது இன்ஜின் சின்னது என்பதால் இல்லை, இருக்கிற இன்ஜின் முழுசாக வேலை செய்யாததால்தான். உங்கள் இசுசு புதுசாக வந்தபோது 1817 சிசி, 88 குதிரை. முதலில் வந்த கான்டசாவில் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின்தான் இருந்தது, 50 குதிரை, அந்தப் பெரிய உடம்பை அது இழுத்த லட்சணம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இசுசு வந்ததும் ஜனங்கள் அப்படிக் கொண்டாடினார்கள். முதலில் அந்த 88-ல் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். 55 குதிரையோடு மலை ஏறிவிட்டு 88 பத்தவில்லை என்று முடிவு கட்டினால் எப்படி?

செய்ய வேண்டியது: வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். நாலு பிளக்கையும் கழற்றுங்கள், காயில் ஒயரை எடுத்துவிடுங்கள், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் போடுங்கள். பேட்டரி நல்லதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாலாவது சிலிண்டர் பாவம் இல்லாத பழியைச் சுமக்கும். நாலு ரீடிங்கையும் இங்கே போடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

போரிங் ஏற்றினால் பவர் வரும் என்று சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜின் போர் (சிலிண்டர் விட்டம்) 84 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 82. ஒரு மில்லி முழுசாக ஏற்றினாலும் 1861 சிசிதான் வரும். நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. போரிங் என்பது தேய்ந்துபோன சிலிண்டரை வட்டமாக்குவதற்கு, குதிரை வாங்குவதற்கு இல்லை. சுவரில் தேய்மானம் இல்லாமல் போர் போடுவது நல்ல பல்லைப் பிடுங்குவது மாதிரி.

போடிமெட்டு:

இன்னோவா இன்ஜின் இறக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் செய்தேன், வண்டி இன்று அருமையாக ஓடுகிறது, ஆனால் நீங்கள் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1995 மாடல். வாங்கும்போதே இன்ஜின் பிளாக் வெடித்து மெட்டல் பேஸ்ட் அப்பியிருந்தது. அதனால் எனக்கு மனக்கிலேசம் ஒன்றும் இல்லை. 2.0 பெட்ரோல் இன்னோவா ஒன்று விபத்தில் நொறுங்கி வந்தது, இன்ஜின், கியர்பாக்ஸ், இசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி), ஒயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து முழுசாக எடுத்தேன். இது முக்கியம், தனித்தனியாக வாங்கினால் ஒயரிங்கிலேயே தலைமுடி கொட்டிவிடும். இன்னோவாவும் நீளவாக்கில் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், அதனால் கணக்குச் சரியாகத்தான் பட்டது. பானெட்டுக்குள் இடமும் தாராளம். இந்த உடம்பு இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் பெயரில் 2.3 லிட்டர் இன்ஜினோடு ஓடியது, அதன் அண்ணன் வண்டியில் ஆறு சிலிண்டர் 3.3 லிட்டரே இருந்தது.

இடம் இருந்தது, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப் போய் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் உட்கார்ந்தது. சம்பை வெட்டி ஒட்டினோம், உள்ளே ஆயில் உறிஞ்சுகிற பைப்பையும் அதற்கேற்ற மாதிரி வளைத்தோம், ஒட்டிய இடம் மூன்று முறை கசிந்தது. மவுண்டிங் புதுசாக அடித்தோம். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் செய்தோம், 80-ல் ஸ்டீயரிங் முதல் முதுகெலும்பு வரை அதிர்ந்தது, மறுபடி பேலன்ஸ், மறுபடி அதிர்வு, கடைசியில் பார்த்தால் கோளாறு ஷாஃப்டில் இல்லை, கியர்பாக்ஸ் பின்பக்கம் தொங்கிய கோணத்தில். ஒரு மாதம் போச்சு. டேங்கில் பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன். கார்பரேட்டருக்கு வைத்த பழைய பைப்பில் இன்ஜெக்‌ஷன் பிரஷர் விட்டால் வண்டிக்குக் கொள்ளிதான். ரேடியேட்டர் புதுசு. சைலன்சர் முழுசாகப் புதுசு. ஸ்பீடாமீட்டர் இன்று வரை வேலை செய்யவில்லை, போனில் பார்த்துக்கொள்கிறேன். 130 குதிரைக்கு மேல் ஏறியதும் பிரேக் பயமுறுத்தியது, அதையும் மாற்றினேன்.

பதினான்கு மாதம். இன்ஜினும் கியர்பாக்ஸும் வாங்கிய காசைப் போல ஒரு மடங்குக்கு மேல் இந்தச் சில்லறை விஷயங்களுக்கே போனது. மூன்றரை லட்சத்தில் இன்னோவா முடியலாம், ஆனால் பாதியில் நின்று ஷெட்டுக்குள் மறுபடி கோழி அடையவும் வாய்ப்பு உண்டு. அந்த 1ஜேஇசட் கதை உங்கள் காசுக்கு வேண்டவே வேண்டாம். 280 குதிரையை இந்தப் பின் ஆக்சிலில் விட்டால் முதல் நாளே ஹவுசிங் உள்ளே பல் உதிரும், அப்புறம் ஆக்சில், அப்புறம் பிரேக், அப்புறம் சஸ்பென்ஷன், கடைசியில் உங்கள் பெரியப்பா வண்டியில் மிஞ்சுவது கதவும் ஹெட்லைட்டும்தான்.

ஆர்.சி. விஷயம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

டீசல்மாமா:

எங்கள் காலத்தில் இவ்வளவு பேச்சே இல்லை. மெட்டடார் டீசல் இன்ஜினைத் தூக்கி அம்பாசடருக்குள் வைத்தோம், கல்யாண வாடகைக்கு விட்டோம், காசு பார்த்தோம். ஆட்டத்தில் உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் பல் கிட்டும், அது வேறு விஷயம்.

புக்கும்பேப்பரும்:

போடிமெட்டு அண்ணே, நீங்கள் கேட்காதீர்கள் என்று சொன்னதையே நான் எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு: உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1817 சிசி இசுசு என்று எழுதியிருக்கிற புத்தகத்தில் இரண்டு லிட்டர் டொயோட்டா ஓடினால் அதை என்ன பேசினாலும் மறைக்க முடியாது.

அபராதத்தை விட இன்சூரன்ஸ்தான் எனக்குப் பெரிய பயம். யார் மீதாவது மோதிவிட்டால், வண்டியில் இருப்பது வேறு இன்ஜின் என்று தெரிந்ததும் கம்பெனி கை விரிக்கப் பார்க்கும், அதற்குப் பிறகு கோர்ட்டும் நீங்களும்தான்.

கேட்டவருக்கு: உங்கள் வண்டி 1993. முதல் 15 வருஷம் 2008-ல் முடிந்து, அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருந்தால் கடைசியாக 2023, அடுத்தது 2028. அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். பிளாக்கில் இருக்கிற எண் புத்தகத்தில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அதே ரகம், அதே சிசி இன்ஜின் மாற்றுவதென்றால் வழி உண்டு. ஆர்.டி.ஓ.விடம் முன்னாலேயே அனுமதி, வாங்கிய பில், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம், அப்புறம் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வது. விண்டேஜ் பதிவு வாங்கித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு 50 வருஷம் ஆக வேண்டும். கான்டசா வந்ததே 1984-ல்.

திருமங்கலத்தான்:

அதே ரகம், அதே சிசி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்ததும் இதே 1817 சிசி இசுசு இன்ஜின்தான். பின்னால் வந்ததில் எம்பிஎஃப்ஐயும் உண்டு, கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுகிற ஏற்பாடு. ஏலத்தில் போன பழைய அம்பாசடர்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன, உதிரிப் பாகமும் தேடினால் கிடைக்கும், சென்னை போகிறவர்கள் புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றலாம். உங்கள் பிளாக் நன்றாக இருந்தால் பிளாக்கைத் தொடாமல் எம்பிஎஃப்ஐ சாமான்களை மட்டும் கொண்டுவருவது பற்றி யோசியுங்கள். குதிரை பெரிதாக ஏறாது, ஆனால் காலையில் சோக் இழுத்துக் கும்பிட வேண்டியதில்லை. இதிலும் பம்ப், லைன், ஒயரிங் வேலை உண்டு, போடிமெட்டு சொன்னதில் கால்வாசி என்று வையுங்கள். சும்மா ஆர்வத்தில் இறங்கி விடாதீர்கள்.

மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எந்த இன்ஜினுக்கும் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பவர் காற்றோடு போய்விடும், மூச்சு முட்டும். கார்பரேட்டருக்கு உயரம் ஏறியது தெரியாது, அது பாட்டுக்குக் கீழே ஊற்றிய அளவே பெட்ரோல் ஊற்றும், கலவை கனத்துக் கறுப்புப் புகை வரும். கீழே மதுரையில் கதை நேர்மாறு. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற பழைய ஜெட்டில் அது ஓடினால் கலவை மெலிந்து போகும், இன்ஜின் சூடேறும். அந்தப் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் ஆகாது. நாலு வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டி என்கிறீர்கள், டேங்க் முதல் கார்பரேட்டர் வரை ஹோஸை மாற்றினீர்களா? பெயின்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாரும் பெயின்டைத்தான் முதலில் அடிக்கிறோம், நானும்.

சூடு எங்கே ஏறுகிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழா நெரிசலில் தல்லாகுளம் பக்கம் நின்றுகொண்டே ஏறுகிறதென்றால் ஃபேன், ஃபேனைச் சுற்றி இருக்கிற கூண்டு. அந்தக் கூண்டைக் கழற்றிய மெக்கானிக் மறுபடி மாட்டுவதே இல்லை, எதற்கென்று தெரியாமல் மூலையில் போட்டுவிடுவார். ஓடும்போது, ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, இல்லையென்றால் டைமிங், பிளக் பொறி விடுகிற நேரம். டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்கும் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று வாயால் உறிஞ்சிப் பாருங்கள், நாக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புக்கும்பேப்பரும் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன், டர்போ கனவு அங்கேயே அடக்கம். ஹோஸ் மாற்றவில்லை. ஒத்துக்கொள்கிறேன். நேற்று பார்த்தேன், கையால் நசுக்கினால் வெடிப்பு தெரிகிறது, மாற்றியாகிவிட்டது. ஃபேன் கூண்டு இல்லவே இல்லை, இருந்ததா என்று பெரியம்மாவிடம் கேட்டேன், "அந்தக் கறுப்புத் தட்டா, அதில்தான் கோழிக்குத் தண்ணி வைக்கிறோம்" என்றார்.

கம்ப்ரஷன் எடுத்துவிட்டோம். ஒன்று 155, இரண்டு 150, மூன்று 105, நாலு 150. பிஎஸ்ஐ கணக்கில் அழுத்தம். மெக்கானிக் இதைப் பார்த்ததும் பிஸ்டன் ரிங் போய்விட்டது, போரிங்தான் என்கிறார்.

லேத்துப்பட்டறை:

பொறுங்கள், போரிங் பேச்சை எடுக்க வேண்டாம். மூன்றாவது சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். 105 ஏறி 140, 145 பக்கம் வந்தால் ரிங், ஆயில் இடைவெளியை அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் மேலே, வால்வு. பக்கத்துச் சிலிண்டர் நன்றாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் காஸ்கெட் போயிருக்க வாய்ப்புக் குறைவு. டேப்பெட் கிளியரன்ஸும், அதாவது வால்வுக்கு மேல் விட வேண்டிய இடைவெளியும் பாருங்கள், கேப் இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு மூடாமலே நிற்கும், அதற்கு ஃபீலர் கேஜ் போதும், செலவே கிடையாது.

மற்ற மூன்றும் இவ்வளவு நெருக்கமாக நிற்கிறதைப் பார்த்தால் உங்கள் பெரியப்பா ஆயில் ஒழுங்காக மாற்றிய மனுஷன்.

வைகைக்கரை:

ஆயில் விட்டு எடுத்தோம். 105 இருந்தது 110. அவ்வளவுதான். கேப் சரியாகவே இருந்தது. சிலிண்டருக்கு மேல் வால்வு உட்காருகிற ஹெட்டை இறக்கிவிட்டோம். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் எலி கடித்த முறுக்கு மாதிரி ஒரு துண்டு இல்லை. எரிந்துபோயிருக்கிறது. சிலிண்டர் சுவரில் புதுசில் போட்ட ஹோனிங் கோடு இன்னும் தேயாமல் தெரிகிறது, பிளாக்கைத் தொடப் போவதில்லை. வால்வு சீலும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிறது, ஆயில் குடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று மெக்கானிக்கே இப்போது ஒத்துக்கொள்கிறார். வால்வு சீட் கட்டிங், புது கைடு, சீல், ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து லேசாக பேசிங், ரேடியேட்டர் சுத்தம், கூண்டு (கோழிக்கு வேறு தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்). எம்பிஎஃப்ஐ அடுத்த வருஷம் பார்க்கலாம். ஹெட்டை நாளைக்கே பழங்காநத்தம் கொண்டுவருகிறேன் அண்ணே, இடத்தைச் சொல்லுங்கள்.

ஒரே சிக்கல், எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டு கடையில் கேட்டாயிற்று, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். போடிமெட்டு அண்ணே, உங்கள் பழைய இசுசு பிளாக்தானே வெடித்தது, ஹெட் என்ன ஆனது?

போடிமெட்டு:

சாக்கில் கட்டி ஏலக்காய் குடோனில் வைத்திருக்கிறேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, வீட்டுக்காரி வருஷா வருஷம் கேட்கிறாள்.

ஹெட்டைத் தர மாட்டேன். எக்ஸாஸ்ட் வால்வு நாலு இருக்கிறது, நல்லதாகப் பார்த்து ஒன்று கழற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், தேனி வழியாக வந்தால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வால்வு ஸ்பிரிங் அமுக்குகிற கருவி என்னிடம் இல்லை, மறக்காமல் எடுத்து வாருங்கள்.

லேத்துப்பட்டறை:

ஒன்று மட்டும் கழற்றாதீர்கள், இரண்டு கொண்டுவாருங்கள். தண்டு தேய்ந்திருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எது என்று சொல்வேன். மற்றது அவருக்கே திரும்பப் போகும்.

போடிமெட்டு:

சரி, இரண்டு. ஆனால் அந்தக் கான்டசாவில்தான் வர வேண்டும் என்று சொல்லலாமென்று பார்த்தேன், ஹெட் இல்லாமல் எப்படி வரும். பஸ்ஸிலேயே வாருங்கள்.